டாங்காக் கரையில் இறங்கியவர்கள்



வேலூர் லாங் பஜாரில் மணிக்கூண்டு இருப்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். சுற்றிலும் கடைகள், தள்ளுவண்டிகள், மூட்டை இறக்கும் கூட்டம். அந்தக் கூண்டின் சுவரில் ஒரு கல் பதித்திருக்கிறார்கள். வேலூரிலிருந்து முதல் உலகப் போருக்கு 277 பேர் போனார்கள், அவர்களில் 14 பேர் உயிரைக் கொடுத்தார்கள் என்று அதில் ஆங்கிலத்தில் வெட்டியிருக்கிறது. இந்தியாவில் ஆள் அனுப்பிய எத்தனையோ ஊர்களில் இதே வாசகம், இதே அச்சில், எண்ணை மட்டும் மாற்றி வெட்டப்பட்டது. பெயர் கிடையாது. எந்தத் தாலுகா, எந்தத் தெரு, எந்தப் படை என்பதும் கிடையாது. பிரான்சுக்குப் போனார்களா, மெசபடோமியாவுக்கா, பாலஸ்தீனத்துக்கா, கிழக்கு ஆப்பிரிக்காவுக்கா என்று கேட்டால் கல்லிடம் பதில் இல்லை.

கல் சொல்லாததைச் சொல்லக்கூடிய இலக்கிய வடிவம் நாவல் என்று நான் நம்புகிறேன். அந்த நம்பிக்கையோடுதான் இன்று ஒரு போரைப் பற்றியும், அதை எழுதிய ஓர் ஆங்கில நாவலைப் பற்றியும், தமிழில் இன்னும் எழுதப்படாத ஒரு நாவலைப் பற்றியும் பேச வந்திருக்கிறேன்.

முதலில் போர். 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் கப்பல் சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே வந்து குண்டு போட்டதும், பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் எரிந்ததும் நமக்குப் பாட்டி சொன்ன கதைபோல மனப்பாடம். உயர் நீதிமன்றச் சுவரில் அதற்கு நினைவுக் கல்லும் உண்டு. அந்த எம்டன் கடலில் திரிந்துகொண்டிருந்த அதே வாரங்களில், நம் மாகாணத்து ஆட்கள் ஆயிரக்கணக்கில் கப்பலேறிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பக்கத்தை மட்டும் யாரும் நமக்குச் சொல்லவில்லை.

1914 அக்டோபர் 16 அன்று பம்பாயிலிருந்து ஒரு கப்பல் கூட்டம் புறப்பட்டது. சுமார் 8,000 பேர். இந்தியப் பயணப் படை ‘பி’ என்று பெயர். போக வேண்டிய இடம் ஜெர்மன் கிழக்கு ஆப்பிரிக்கா, அதாவது இன்றைய தான்சானியாவின் பெரும்பகுதி. அதில் மதராஸ் படைகள் இரண்டு இருந்தன. ஒன்று 61-ஆவது பயனியர் படை. மற்றொன்று 63-ஆவது பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரி. பதினெட்டாம் நூற்றாண்டில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் திரட்டிய பழைய மதராஸ் படைகளில் ஒன்று இந்தப் பாளையங்கோட்டைப் படை. அன்றைய மதராஸ் காலாட்படையில் மதராஸ் முஸ்லிம்கள், தமிழ்ச் சாதியார், பறையர், கிறித்தவர் என்று கம்பெனி கம்பெனியாகப் பிரித்து ஆள் சேர்த்தார்கள். ஆம்பூரிலும் பேரணாம்பட்டிலும் மேல்விஷாரத்திலும் இன்று நீங்கள் பார்க்கிற மக்கள் கூட்டம்தான் அது, சீருடையில்.

இவர்கள் போனது எப்படி என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பெரும்பாலானவர்கள் அதுவரை கடலையே அருகில் பார்க்காதவர்கள். ஆமை வேகத்தில் நகரும் கப்பல்களில், காற்றுப் புகாத கீழ்த்தளங்களில், வாந்தியும் வியர்வையுமாக வாரக்கணக்கில் கிடந்தார்கள். படைகள் சிலவற்றுக்குப் புது மாதிரித் துப்பாக்கியைப் புறப்படுவதற்குச் சற்று முன்னர்தான் கையில் கொடுத்தார்கள். ஒரு படை மற்றொரு படையோடு சேர்ந்து பயிற்சி செய்ததே இல்லை. தலைமை தாங்கிய மேஜர் ஜெனரல் ஆர்தர் ஐட்கனுக்கு அந்த நாட்டைப் பற்றி எதுவும் தெரியாது. தெரிந்தவர்கள் மொம்பாசாவில் இருந்தார்கள். கிங்ஸ் ஆப்பிரிக்கன் ரைஃபிள்ஸ் படையினர் ஜெர்மானியரின் அஸ்காரிச் சிப்பாய்களின் திறமையை அறிந்தவர்கள். உதவிக்கு வருகிறோம் என்றார்கள். ஐட்கன் வேண்டாம் என்றுவிட்டார்.

நவம்பர் 2 காலை. ஃபாக்ஸ் என்ற போர்க்கப்பலின் கேப்டன் கால்ஃபீல்ட் டாங்கா துறைமுகத்துக்குள் வந்து, அந்த ஊரின் ஜெர்மன் அதிகாரியைக் கூப்பிட்டு, ஏற்கனவே கடற்படையோடு செய்துகொண்ட சண்டையில்லா உடன்பாடு இனி செல்லாது, ஊரை ஒப்படையுங்கள் என்று அறிவித்தார். அவகாசமும் கொடுத்தார். துறைமுகத்தில் கண்ணிவெடி இருக்கிறதா என்று எதிரியிடமே கேட்டார். அந்த அதிகாரி நேராகத் தந்தி அடித்துவிட்டார். உள்நாட்டில் மோஷிப் பக்கம் இருந்த கர்னல் பால் ஃபோன் லெட்டோ-ஃபோர்பெக், உசம்பாரா ரயில் பாதை வழியே தன் ஆட்களை டாங்காவுக்கு அனுப்ப ஆரம்பித்தார். நம்மவர்கள் வரப்போவது தெரிந்து ஒரு பகல் முழுக்க அவருக்குக் கிடைத்தது.

இறங்குவதற்குத் தேர்ந்த இடம் ராஸ் கசோனே முனை. ஒருபுறம் சதுப்பும் அலையாத்திக் காடும், மறுபுறம் செங்குத்தான கரை. இரவில் படகில் இறங்கி, இடுப்பளவு தண்ணீரில் நடந்து ஏறினார்கள். நவம்பர் 3 விடியலில் முதலில் முன்னேற அனுப்பப்பட்டது 13-ஆவது ராஜபுத்திரப் படையும் நம் 61-ஆவது பயனியர் படையும். பயனியர்கள் சாலை போடவும் பாலம் கட்டவும் பழக்கப்பட்டவர்கள். சண்டை போடவும் பயிற்சி உண்டு என்றாலும், கடற்பயண மயக்கம் தெளியாத நிலையில், வழிகாட்ட ஆள் இல்லாமல், அவர்களை அங்கிருந்த ரப்பர்த் தோட்டத்துக்குள் விட்டார்கள். இயந்திரத் துப்பாக்கிகள் பக்கவாட்டில் வந்து அடித்தன. அதிகாரிகள் விழுந்தார்கள். எஞ்சியவர்கள் கரைக்குத் திரும்பினார்கள்.

அன்றிரவு லெட்டோ-ஃபோர்பெக் ரயிலில் வந்து இறங்கி, வெறிச்சோடிய டாங்கா தெருக்களில் சைக்கிள் மிதித்துப் போய்த் தானே நிலவரம் பார்த்தார். இது அவரே தன் நினைவுக் குறிப்பில் எழுதியது. இந்தப் பக்கத்து ஜெனரலோ ஒற்றர்களைக்கூட முன்னால் அனுப்பவில்லை. நவம்பர் 4 நண்பகலுக்குப் பிறகு, உச்சி வெயிலில், முழுப் படையும் முன்னேற உத்தரவு. ஆள் உயரச் சோளக்கொல்லை, கற்றாழைத் தோட்டம், பக்கத்தில் வருகிறவன் முகம் தெரியாத புதர். பலர் தாகத்திலேயே சுருண்டார்கள். வரிசையில் நடுப்பகுதியில் இருந்த பாளையங்கோட்டைப் படை சிதறியது. ஆட்கள் கடற்கரையை நோக்கி ஓடினார்கள். லங்காஷயர்க்காரர்களும் காஷ்மீர் ரைஃபிள்ஸும் ஊருக்குள்ளேயே புகுந்து சண்டையிட்டார்கள். இடப்புறம் 101-ஆவது கிரனேடியர்கள் ஏராளமாக மடிந்தார்கள். மரங்களில் கட்டியிருந்த தேன்கூடுகள் துப்பாக்கிக் குண்டுகளால் கலைந்து, தேனீக்கள் இரு தரப்பாரையும் கொட்டின. 98-ஆவது படைதான் அதில் மிகவும் அவதிப்பட்டது. ஜெர்மானியர் தேனீக்களைப் பழக்கி ஏவினார்கள் என்ற கதை பின்னால் இங்கிலாந்தில் உலாவியது.

நவம்பர் 5 அன்று எல்லோரையும் திரும்பக் கப்பலேற்றினார்கள். ஏறத்தாழ ஆயிரம் பேர் கொண்ட எதிரிப் படையிடம் 8,000 பேர் தோற்றார்கள். இந்தப் பக்கம் மாண்டவர், காயம்பட்டவர் 800-க்கும் மேல். எதிரிக்கு அதில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. கரையில் விட்டுவந்தது 16 இயந்திரத் துப்பாக்கிகள், 455 ரைஃபிள்கள், 6 லட்சம் தோட்டாக்கள். அதை வைத்துக்கொண்டு லெட்டோ-ஃபோர்பெக் தன் கம்பெனிகளுக்குப் புது ஆயுதம் கொடுத்தார். நான்கு ஆண்டு அவரை யாராலும் பிடிக்க முடியவில்லை. ஐரோப்பாவில் போர் முடிந்து இரண்டு வாரம் கழித்து, 1918 நவம்பர் 25 அன்றுதான், இன்றைய ஜாம்பியாவில் உள்ள அபர்கார்னில் அவர் ஆயுதத்தைக் கீழே வைத்தார்.

டாங்காத் தோல்விச் செய்தியை லண்டன் மாதக்கணக்கில் வெளியே விடவில்லை. பிரிட்டிஷ் அரசின் அதிகாரபூர்வக் கிழக்கு ஆப்பிரிக்கப் போர் வரலாற்றின் முதல் பாகம் 1941-இல், இன்னொரு உலகப் போரின் நடுவில் வந்தது. இரண்டாம் பாகம் வரவே இல்லை. ஐட்கன் கர்னலாக இறக்கப்பட்டு, போர் முடியும்வரை வேறு பொறுப்பு இல்லாமல் இருந்தார்.

ஆனால் பழி முழுவதும் ஐட்கன் தலையில் விழவில்லை. பாதிப் பழி மதராஸ் சிப்பாய் மீது விழுந்தது. அந்தப் பழிக்குத் தளம் முன்பே போடப்பட்டிருந்தது. 1881 முதல் 1885 வரை மதராஸ் ராணுவத்தின் தலைமைத் தளபதியாக இருந்தவர் ராபர்ட்ஸ். தெற்கத்தியான் போருக்கு லாயக்கில்லை, வடமேற்கத்தியான்தான் போர்ச்சாதி என்ற கருத்தை விடாமல் வளர்த்தவர் அவர். அடுத்த இருபது ஆண்டில் மதராஸ் காலாட்படைகள் பல கலைக்கப்பட்டன. வேறு சிலவற்றில் எண் மட்டும் மதராஸின் எண்ணாக இருக்க, ஆட்கள் பஞ்சாபிலிருந்து வந்தார்கள். எஞ்சியவற்றுக்கு நல்ல தளவாடமும் இல்லை, போர்முனை அனுபவமும் இல்லை. ஒரு தலைமுறையாகப் பட்டினி போட்ட பிள்ளையை ஓட்டப் பந்தயத்தில் நிறுத்தி, கீழே விழுந்ததும் பார்த்தீர்களா என்று சொன்னதைப் போன்ற தீர்ப்பு அது. டாங்காவில் ராஜபுத்திரர்களும் குலைந்தார்கள். ராஜபுத்திரர்கள் போர்ச்சாதிப் பட்டியலில் இருந்தவர்கள். அதைப் பற்றி யாரும் இனக் கோட்பாடு எழுதவில்லை.

நம் ஆட்கள் ஓடவில்லை என்று சொல்ல நான் வரவில்லை. ஓடினார்கள். அதை மறைத்து வீரகாவியம் பாடினால் அந்த மனிதர்களுக்கு இரண்டாவது முறை அநியாயம் செய்தவர்களாவோம். ஏன் ஓடினார்கள், ஓடும்போது என்ன நினைத்தார்கள், கரையில் வந்து நின்ற இரவில் பக்கத்தில் இருந்தவனிடம் என்ன பேசினார்கள் என்பதுதான் என் கேள்வி. இந்தக் கேள்விக்கு ஆவணம் பதில் சொல்லாது. டாங்காவைப் பற்றி ஆங்கிலத்தில் அதிகம் மேற்கோள் காட்டப்படுவது மைனர்ட்ஷாகன் என்ற உளவுத்துறை அதிகாரியின் நாட்குறிப்பு. மதராஸ் ஆட்களை அவர் தாறுமாறாக ஏசியிருக்கிறார். அந்த மனிதர் தன் நாட்குறிப்பையே பின்னாளில் திருத்தி எழுதியவர், பறவையியலில் திருட்டு மாதிரிகளைக் காட்டி ஏமாற்றியவர் என்று பிற்காலத்து ஆய்வாளர்கள் நிரூபித்திருக்கிறார்கள். அப்படிப்பட்டவரின் சாட்சியம்தான் இன்றும் புத்தகத்துக்குப் புத்தகம் நகர்கிறது.

இனி நாவலுக்கு வருகிறேன். 1982-இல் வில்லியம் பாய்ட் எழுதிய ‘ஆன் ஐஸ்க்ரீம் வார்’ வெளிவந்தது. பாய்ட் 1952-இல் ஆப்பிரிக்காவில், இன்றைய கானாவின் அக்ரா நகரில் பிறந்தவர். வெளிவந்த ஆண்டிலேயே புக்கர் பரிசின் இறுதிப் பட்டியலுக்கு வந்த நாவல் இது. கிளிமஞ்சாரோ அடிவாரத்தில் நார்க்கற்றாழை பயிரிடும் டெம்பிள் ஸ்மித் என்ற அமெரிக்கன், எல்லைக்கு அப்பால் அவன் பக்கத்து வீட்டுக்காரனான ஃபோன் பிஷப் என்ற ஜெர்மானியன், இங்கிலாந்தில் வசதியான ராணுவக் குடும்பத்தின் பிள்ளைகளான கேப்ரியல், ஃபெலிக்ஸ் என்ற சகோதரர்கள். போர் வந்ததும் பக்கத்து வீட்டான் எதிரியாகிவிடுகிறான். டெம்பிள் ஸ்மித்தின் நார் உரிக்கும் இயந்திரத்தை ஜெர்மானியர் கழற்றிக்கொண்டு போகிறார்கள். மனிதன் போர் முழுக்க அந்த இயந்திரத்தைத் தேடிக்கொண்டு திரிகிறான். கேப்ரியல் பாளையங்கோட்டைப் பெயர் தாங்கிய ஓர் இந்தியப் படையில் அதிகாரி. டாங்காவில் இறங்குகிறான், காயம்பட்டுச் சிறைப்படுகிறான். அண்ணனைத் தேடித் தம்பி அந்தக் கண்டத்துக்கே வந்து சேர்கிறான்.

தேர்ந்த நாவலாசிரியனின் கை அது. திட்டமிட்டவர்களின் அறியாமை எப்படிப் படிப்படியாக மனிதர்களைத் தின்கிறது என்பதை டாங்கா அத்தியாயங்களில் அவர் காட்டும் விதம் என்னை உலுக்கியது. பெரும் போரின் பெரும் வார்த்தைகள் எதுவும் அந்த நிலத்தில் பொருந்தவில்லை. ஒருவனுக்கு இயந்திரம் வேண்டும், ஒருவனுக்கு அண்ணன் வேண்டும், ஒருத்திக்குக் குளிர்ந்த காற்று வேண்டும். மாணவர்கள் அவசியம் படிக்க வேண்டிய நூல்.

இருந்தாலும், வேலூரில் உட்கார்ந்து அதைப் படிக்கிற ஒரு தமிழ் வாசகனுக்கு ஒரு கட்டத்தில் நெஞ்சு அடைக்கிறது. கேப்ரியலுக்கு அகம் இருக்கிறது. அவன் பயம், அவன் திருமண வாழ்வின் சங்கடம், அவன் வலி எல்லாம் நமக்குத் தெரிகிறது. அவன் நடத்திச் சென்ற ஆட்களுக்கு அகம் இல்லை. அவர்கள் படகில் வாந்தி எடுக்கிறார்கள், புரியாத மொழியில் கூச்சலிடுகிறார்கள், சிதறி மறைகிறார்கள். எந்த ஆங்கில நாவலாசிரியரிடமும் இதற்கு மேல் எதிர்பார்ப்பது நியாயமாகாது. அவருக்குத் தெரிந்த வீடு இங்கிலாந்தில் இருக்கிறது. அந்தச் சிப்பாயின் வீடு நம் பக்கம் இருக்கிறது. அதற்குள் போக வேண்டியவர்கள் நாம்.

மறுகரையில் ஒருவர் போய்விட்டார். சான்சிபாரில் பிறந்த அப்துல்ரசாக் குர்னா. 2021-இல் நோபல் பரிசு பெற்றவர். 1994-இல் வந்த ‘பேரடைஸ்’ நாவலின் கடைசியில் யூசுப் என்ற இளைஞன் ஜெர்மன் படைக்குப் பின்னால் ஓடுகிறான். 2020-இல் வந்த ‘ஆஃப்டர்லைவ்ஸ்’ ஏறத்தாழ அங்கிருந்து தொடங்குகிறது. தன் மக்களை நசுக்குகிற படையிலேயே தானே போய்ச் சேர்கிற ஆப்பிரிக்க அஸ்காரியின் மனம் அந்த நாவலில் திறக்கிறது. குர்னா அவனைத் தியாகியாக்கவும் இல்லை, துரோகியாக்கவும் இல்லை. போரிலிருந்து திரும்பி வந்த ஹம்சா என்ற அந்த அஸ்காரி ஒரு மரப்பட்டறையில் வேலைக்குச் சேர்ந்து, காதலித்து, கல்யாணம் செய்து, பிள்ளை பெற்று, மெல்ல மெல்ல மனிதனாகிற பகுதிகள்தான் அந்த நாவலின் உயிர். நம் நாவலாசிரியனுக்கு பாய்டைவிட குர்னாதான் ஆசான் என்பேன்.

ஆக, துப்பாக்கிக்கு இந்தப் பக்கம் நின்ற வெள்ளை அதிகாரிக்கு நாவல் இருக்கிறது. அந்தப் பக்கம் நின்ற அஸ்காரிக்கு நாவல் இருக்கிறது. நடுவே சோளக்கொல்லைக்குள் நின்ற நம் ஆளுக்கு இல்லை.

மற்ற இந்திய மொழிகளைப் பாருங்கள். போர் நடந்துகொண்டிருந்த 1915-லேயே சந்திரதர் சர்மா குலேரி, பிரான்ஸ் பதுங்குகுழியில் கிடக்கும் சீக்கியச் சிப்பாயை வைத்து ‘உஸ்னே கஹா தா’ கதையை இந்தியில் எழுதிவிட்டார். 1917-இல் வங்காளப் படையில் சேர்ந்து கராச்சியில் இருந்த நஸ்ருல் இஸ்லாம் அந்த அனுபவத்திலிருந்து கடித வடிவ நாவல் படைத்தார். முல்க் ராஜ் ஆனந்தின் ‘அக்ராஸ் தி பிளாக் வாட்டர்ஸ்’ பஞ்சாப் உழவன் லாலுவைப் பிளாண்டர்ஸ் சேற்றுக்குக் கொண்டுபோனது. தமிழில் அந்தக் காலத்தில் பாரதி பெல்ஜியத்துக்கு வாழ்த்துப் பாடினார். எளியவன் பக்கம் நின்ற அந்தக் கவிதை உயர்ந்த கவிதை. ஆனால் மதராஸ் மாகாணத்திலிருந்து போன சுமார் 50 ஆயிரம் போர்வீரர்களும் சுமார் 40 ஆயிரம் தொழிலாளர்களும் நம் இலக்கியத்துக்குள் நுழையவில்லை.

இரண்டாம் உலகப் போர் வேறு கதை. ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ மெடானையும் பினாங்கையும் நமக்குச் சொந்த ஊராக்கியது. மலேசியாவில் ஆர். சண்முகம் ‘சயாம் மரண ரயில்’ எழுதினார், அ. ரெங்கசாமி ‘நினைவுச் சின்னம்’ எழுதினார். ரயில் பாதைக்குப் பிடித்துக்கொண்டு போகப்பட்ட தோட்டத் தமிழர்களை வரலாறு கணக்கில் எடுப்பதற்கு முன்னரே நாவல் கணக்கில் எடுத்தது. சாட்சிகள் உயிரோடு இருந்தார்கள், கேட்டு எழுதினார்கள். முதல் போருக்கு அந்த வாய்ப்பு போய்விட்டது. கேட்க ஒருவரும் இல்லை. கடிதங்களும் குறைவு. தணிக்கை அலுவலகம் சேர்த்துவைத்த இந்தியச் சிப்பாய்க் கடிதங்களில் பெரும்பகுதி பஞ்சாப் பக்கத்து ஆட்களுடையது.

அப்படியானால் எதை வைத்து எழுதுவது? இங்கேதான் இந்த ஊர் எனக்கு முக்கியமாகிறது.

அந்தப் போர் இந்த மண்ணிலிருந்து ஆளை மட்டும் கொண்டுபோகவில்லை. தோலையும் கொண்டுபோனது. மதராஸ் மாகாணத்தில் பதனிட்ட மாட்டுத் தோலுக்கு லண்டன் சந்தையில் ‘கிப்ஸ்’ என்று பெயர். ராணுவ பூட்ஸின் மேல்பகுதிக்கு அதைப் போலத் தோதான தோல் கிடைக்கவில்லை என்பதால் 1916-இலிருந்து அந்த வணிகம் முழுவதையும் பிரிட்டிஷ் போர்த்துறைக்காக அரசு கையில் எடுத்துக்கொண்டது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டைப் பக்கத்துத் தோல் ஷாப்புகளில் இரவு பகல் பாராமல் வேலை நடந்த காலம். அன்றைக்கு குரோம் இங்கே பெரிதாக வரவில்லை. எல்லாம் பட்டைத் தோல். உப்புத் தோலைத் தண்ணீரில் ஊறவைத்து உப்பைக் கழுவி, சுண்ணாம்புக் குழியில் போட்டு, முடி கழன்றதும் எடுத்து, மரத்தின் மேல் விரித்து இருபிடிக் கத்தியால் சவ்வைச் சீவுவார்கள். பிறகு ஆவாரம்பட்டை ஊறிய தண்ணீரில் குழி மாற்றிக் குழி மாற்றி வாரக்கணக்கில் போட்டுவைப்பார்கள். கடுக்காய்த் தண்ணீரில் முடித்து, புங்கெண்ணெய் தேய்த்து, நிழலில் உலர்த்தி மூட்டை கட்டுவார்கள். குழிக்குள் இறங்கி நின்றவன் கால் தோலையும் அந்தச் சுண்ணாம்புதான் தின்றது. இந்த மக்களின் வாழ்க்கை இலக்கியத்துக்கு வந்ததே அண்மையில்தான். பேரணாம்பட்டுக்காரரான அழகிய பெரியவனின் ‘தகப்பன் கொடி’ போன்ற நாவல்கள் இந்தப் பகுதித் தலித் மக்களின் வாழ்வை உள்ளிருந்து எழுதின. அந்த எழுத்து இல்லாமல் நான் இன்று கேட்கும் நாவலைக் கற்பனை செய்யவே முடியாது.

கிழக்கு ஆப்பிரிக்காவில் பூட்ஸ் சாதாரணப் பொருளாக இருக்கவில்லை. அங்கே மண்ணில் ஒரு வகைத் தெள்ளுப்பூச்சி உண்டு. கால்விரல் நகத்தடியில் புகுந்து முட்டையிடும். ஊசியால் குத்தி எடுக்காவிட்டால் விரலே அழுகும். 1916-இல் ஜெனரல் ஸ்மட்ஸ் லெட்டோ-ஃபோர்பெக்கைத் துரத்திக்கொண்டு மழையில் நடந்தபோது, பூட்ஸ் கிழிந்து கந்தலாகி, உணவு பாதியாகி, குண்டடி பட்டுச் செத்தவர்களைவிட மலேரியாவிலும் வயிற்றுப்போக்கிலும் செத்தவர்களே பல மடங்கு. அந்த நடையில் 61-ஆவது பயனியர் படையும் இருந்தது. டாங்காவோடு அவர்கள் கதை முடியவில்லை. அந்த நாட்டிலேயே தங்கி, சாலை வெட்டி, பாலம் போட்டு, சண்டையும் செய்தார்கள். டாங்காவைப் பேசுகிறவர்கள் இந்தப் பின்கதையை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். எனக்கென்னவோ நாவல் இருப்பது அங்கேதான் என்று படுகிறது. ஓடியவன் என்ற பெயரோடு மூன்று நான்கு ஆண்டு அதே நாட்டில் மண்வெட்டி பிடித்து நின்றவனின் மனசு. அவன் காலில் கிடக்கும் பூட்ஸ், தன் சித்தப்பனோ மைத்துனனோ குழியில் நின்று பதனிட்ட தோலாக இருக்கலாம். நார்தாம்ப்டனில் தைத்து, லண்டன் வழியாக, ஆப்பிரிக்காவுக்கு வந்த தோல். அவனுக்கு அது தெரிய வழியில்லை. நாவலாசிரியனுக்குத் தெரியலாம்.

இதை எழுதப் போகிறவர் நம் மாணவர்களில் ஒருவராக இருந்தால், மூன்று இடங்களுக்கு அவரை அனுப்புவேன். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவேடுகளில் இந்தியச் சிப்பாய் பலருக்குத் தகப்பன் பெயர், ஊர், தாலுகா, மாவட்டம் எழுதியிருக்கிறது. வட ஆற்காடு என்று போட்ட பெயர்களைத் தேடி எடுக்கலாம். எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் போர்க்கால மாவட்ட ஆவணங்கள் இருக்கின்றன. மூன்றாவது, கம்மவான்பேட்டை மாதிரியான ஊர்கள். வேலூருக்குப் பக்கத்தில் ராணுவப்பேட்டை என்றே பெயர் எடுத்த ஊர் அது. வீட்டுக்கு வீடு படைக்குப் போனவர் உண்டு. பட்டாளத்துக்காரன் வீட்டில் விடுப்பு முடிந்து புறப்படும் காலையில் என்ன நடக்கும், மணியார்டர் வராத மாதம் மாமியார் என்ன சொல்வாள், ஓய்வு பெற்றவர் திண்ணையில் எதைப் பேசுவார், எதைப் பேச மாட்டார் என்பதை அங்கே போய் இருந்து கேட்க வேண்டும். நூறாண்டில் துப்பாக்கி மாறியது. அந்தக் காலைப்பொழுது பெரிதாக மாறியிருக்காது.

ஒன்றை மட்டும் எச்சரிக்கையாகச் சொல்கிறேன். இந்த நாவலை நம்மவர் பெருமைக்கான நாவலாக எழுதினால் அது பொய்யாகிவிடும். நம் சிப்பாய் போனது யாரோ ஒருவரின் நாட்டுக்கு, இன்னொரு யாரோ ஒருவருக்காக. 1806 ஜூலை 10 அன்று இதே வேலூர்க் கோட்டையில் மதராஸ் சிப்பாய்கள் வெள்ளை அதிகாரிகளுக்கு எதிராக எழுந்தார்கள். தலைப்பாகையில் தோல் குஞ்சம் வைத்ததும், காதணியும் திருநீறும் நாமமும் தாடியும் கூடாதென்றதும் அதற்கு உடனடிக் காரணங்கள். அதே மதராஸ் படை நூற்றெட்டு ஆண்டு கழித்து டாங்காவில் இறங்கியபோது எந்தக் கட்டளைக்கும் எதிர்ப்பேச்சு இல்லாத நிலைக்கு வந்திருந்தது. நடுவில் என்ன நடந்தது? பஞ்சம் நடந்தது. 1876–78 பெரும் பஞ்சத்தில் வட ஆற்காடும் செத்து வீழ்ந்தது. அதைப் பார்த்து வளர்ந்தவர்களின் பிள்ளைகளுக்குச் சம்பளம், சாப்பாடு, சாதித் தெருவிலிருந்து ஒரு வழி ஆகியவற்றைப் படை கொடுத்தது. சேரி இளைஞனுக்குச் சீருடை கொடுத்த மரியாதையை அன்று ஊர் கொடுக்கவில்லை. அதையும் நாவல் மறைக்கக் கூடாது.

கிழக்கு ஆப்பிரிக்க மக்களையும் மறைக்கக் கூடாது. இந்தப் போரில் இரு தரப்புக்கும் சுமை தூக்கியவர்கள் ஆப்பிரிக்கர்கள். சுமார் பத்து லட்சம் பேரைச் சுமைகூலிகளாகப் பிரிட்டிஷ் தரப்பு பிடித்தது. ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் மாண்டார்கள் என்பது பொதுவாக ஒப்புக்கொள்ளப்பட்ட கணக்கு. பெரும்பாலானோருக்குப் பெயரும் இல்லை, கல்லும் இல்லை. வெள்ளையருக்குக் கொடுத்த சம மரியாதையை ஆப்பிரிக்க, இந்திய வீரர்களுக்குக் கொடுக்கவில்லை என்று போர்க் கல்லறை ஆணையமே 2021-இல் ஒரு விசாரணை அறிக்கையில் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. தார் எஸ் ஸலாமில் கரியாக்கூ என்ற பெரிய சந்தைப் பகுதி இருக்கிறது. கேரியர் கோர் என்ற அந்தச் சுமைகூலிப் படை தங்கியிருந்த இடம். அங்கே தக்காளி வாங்குகிறவர்களும் லாங் பஜாரில் வெங்காயம் வாங்குகிறவர்களும் ஒரே போரின் மிச்சத்தின் மேல் நடக்கிறார்கள்.

நான் கற்பனை செய்கிற நாவலில் நம் பயனியர் ஒருவன் சாலை வெட்டிக்கொண்டிருக்கிறான். அவனுக்குப் பக்கத்தில் ஒரு சுமைகூலி தலையில் அறுபது ராத்தல் மூட்டையோடு வந்து நிற்கிறான். பூட்ஸ் இல்லாத கால், விரல்கள் அழுகியிருக்கின்றன. இவனுக்கு ஸ்வாஹிலி தெரியாது, அவனுக்குத் தமிழ் தெரியாது. வெள்ளை அதிகாரி தூரத்தில் இருக்கிறார். அவர்களுக்குள் ஏதோ ஒன்று நடக்க வேண்டும். இவன் தண்ணீர் கொடுக்கலாம். அதிகாரி கற்றுக்கொடுத்த வசவை அவன் மீது வீசவும் செய்யலாம். இரண்டுமே நடந்திருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. எது எப்போது, ஏன் நடந்தது என்பதை எழுதுகிறவர் முடிவுசெய்யட்டும். எழுதத் துணிகிற மாணவருக்கு, பதிவேடுகளில் நான் இதுவரை சேர்த்துவைத்த வட ஆற்காட்டுப் பெயர்களை இன்றே தரத் தயாராக இருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் வந்து பாருங்கள்.